ஹார்வர்ட் ஹாஸ்டல் வீடியோக்களுக்கு நான் போடுற மார்க்

மார்ச் மாசம் பொறந்தா யூடியூப்ல எனக்கு ஒரே வேலைதான். ஹார்வர்ட் காலேஜ்ல ஒவ்வொரு ஹாஸ்டல் பசங்களும் "எங்க ஹாஸ்டல்தான் டாப்பு, மத்ததெல்லாம் டூப்பு"ன்னு பாட்டு பாடி ஆட்டம் ஆடி வீடியோ எடுத்துப் போடுவாங்க, அத ஒண்ணு விடாம பாத்து மார்க் போடுறது. நம்ம ஆளுங்க நெறைய பேருக்கு ஹார்வர்டுன்னா தமிழ் இருக்கைக்காக உலகம் பூரா தமிழர்கள் சேந்து 60 லட்சம் டாலர் திரட்டிக் கொடுத்ததுதான் ஞாபகம் வரும், ரொம்ப சீரியஸான எடம்னு ஒரு நெனப்பு. அதே யுனிவர்சிட்டிலதான் நாளைக்கு டாக்டராவோ ஜட்ஜாவோ ஆகப்போற பொண்ணு பென்குவின் வேஷம் போட்டுக்கிட்டு டைனிங் ஹால்ல குதிச்சுக்கிட்டு இருக்கும். எனக்கு அது அவ்ளோ புடிக்கும். வீடியோ எடிட்டிங்தான் என் தொழில், இருக்குறதும் ஹார்வர்ட் இருக்குற அமெரிக்க ஊரான கேம்பிரிட்ஜ் பக்கத்துலயே, அந்த பில்டிங்கையெல்லாம் நடந்தே பாத்திருக்கேன், அதனால எது நெஜமா அழகு எது லென்ஸ் போட்ட அழகுன்னு டக்குனு தெரிஞ்சுடும்.

தெரியாதவங்களுக்கு சிஸ்டத்த மொதல்ல சொல்லிடுறேன். ஹார்வர்ட்ல ஃபர்ஸ்ட் இயர் பசங்க, ஒரு பேட்சுக்கு சுமார் 1600 பேர், எல்லாரும் யார்டுன்னு சொல்ற மெயின் வளாகத்துலயும் அத ஒட்டியும் இருக்குற ஹாஸ்டல்ல இருப்பாங்க, எல்லாருக்கும் சாப்பாடு ஒரே எடத்துல, அன்னன்பர்க் ஹால்ல. ரெண்டாவது வருஷத்துலேர்ந்து 12 ஹவுஸ் இருக்கு, அதுல ஒண்ணுக்கு மாறணும், மிச்சம் மூணு வருஷமும் அங்கதான். ஹவுஸ்னா வெறும் ரூம் இல்ல, ஒவ்வொண்ணுக்கும் சொந்தமா டைனிங் ஹால், லைப்ரரி, கொடி, சின்னத்துக்கு ஒரு மிருகம், உள்ளயே குடும்பத்தோட தங்கியிருக்குற ப்ரொஃபசர் எல்லாம் உண்டு. ஒரு ஹவுசுக்கு முன்னூத்தம்பதுலேர்ந்து ஐநூறு பேர் வரைக்கும்.

எந்த ஹவுஸ் யாருக்குன்னு எப்படி முடிவாகுதுன்னா, குலுக்கல். நீங்க செய்யக்கூடிய முக்கியமான விஷயம், பிளாக்கிங் குரூப்புன்னு அதிகபட்சம் எட்டு பேர் சேந்து "எங்கள ஒண்ணா போடுங்க"ன்னு சொல்லலாம். எங்க போடணும்னு சொல்ல முடியாது. மார்ச்ல ஸ்பிரிங் லீவுக்கு கொஞ்சம் முந்தி வர்றதுதான் ஹவுசிங் டே, அன்னிக்கு காலங்காத்தால ஒவ்வொரு ஹவுஸ் சீனியர்களும் முகத்துல பெயிண்ட் அடிச்சுக்கிட்டு மிருக வேஷத்துல கத்திக்கிட்டே யார்டுக்குள்ள ஓடி வந்து, ரூம் கதவ ஒடையுற அளவுக்குத் தட்டி, "நீ இனிமே எங்க ஆளு"ன்னு லெட்டர கையில கொடுப்பாங்க. முந்தின ராத்திரி ஃபர்ஸ்ட் இயர் பசங்க காகிதக் கப்பல் செஞ்சு கொளுத்தி சார்லஸ் ஆத்துல விடுவாங்க, ஆத்து சாமிங்க மனசு எறங்கி ஆத்தோர ஹவுசா கொடுக்கணும்னு வேண்டுதல். இவ்ளோ பெரிய படிப்பாளிங்க நேத்திக்கடன் செலுத்துறத பாத்தா எனக்கு அவங்க மேல பாசம் பொங்குது.

இப்ப யோசிச்சுப் பாருங்க. குலுக்கல்ல விழுறதுதான் ஹவுஸ்னா, அதுக்கு எதுக்கு விளம்பர வீடியோ? பாக்குறவன் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. தாலி கட்டி முடிச்சதுக்கப்புறம் மாப்பிள்ளை போட்டோவ பொண்ணு வீட்டுக்கு அனுப்புற மாதிரி இது. ஆனாலும் தூக்கமில்லாம எடுக்குறாங்க, பாட்டு எழுதுறாங்க, அடுத்த ஹவுஸ்காரன் வீடியோவுக்கு எவ்ளோ வியூஸ்னு பாத்து வயிறு எரியுறாங்க. விக்கிறதுக்கு எதுவுமே இல்லாத ஒரு விளம்பரத்த இவ்ளோ உசுரக் கொடுத்து எடுக்குறது உலகத்துல வேற எங்கயும் நான் பாத்ததில்ல.

ஒரு காலத்துல இத தேர்ந்தெடுக்க முடிஞ்சுது, அந்தக் கதையும் சொல்லிடணும், ஏன்னா நான் மார்க் போடுற மொறையே அதுலேர்ந்துதான் வருது. நூறு வருஷத்துக்கு முன்னாடி ஹார்வர்ட்ல பணக்கார வீட்டுப் பசங்க மவுண்ட் ஆபர்ன் தெருவுல தனியார் அபார்ட்மெண்ட்ல சொகுசா இருந்தாங்க, அந்தத் தெருவுக்கு பேரே கோல்ட் கோஸ்ட், காசு இல்லாத பசங்க யார்டுல ஓட்ட ஒடைசல் ரூம்ல. ஒரே கிளாஸ்ல படிச்சும் ஒருத்தன ஒருத்தனுக்குத் தெரியாது. அப்ப ஹார்வர்டுக்கு பிரசிடெண்டா இருந்த லோவெல்லுக்கு இது புடிக்கல, எல்லாரையும் ஒண்ணா தங்க வச்சு ஒண்ணா சாப்பிட வைக்கணும்னு நெனச்சாரு. அதுக்கு எட்வர்ட் ஹார்க்னஸ்னு ஒரு கோடீஸ்வரர், அவர் படிச்சது போட்டி காலேஜான யேல்ல, ஆனா யேல் முடிவெடுக்க லேட் பண்ணினதால ஹார்வர்டுக்கு வந்து ஒரு கோடி டாலருக்கு மேல கொடுத்துட்டாரு. 1930-ல டன்ஸ்டர் ஹவுசும் லோவெல் ஹவுசும் மொதல்ல தொறந்தாங்க, மத்தது ஒவ்வொண்ணா வந்துச்சு.

நோக்கம் எல்லாரும் கலக்கணும்ங்கறது. ஆனா பசங்க விருப்பப்பட்ட ஹவுஸ் பேர எழுதிக் கொடுக்கலாம்னு விட்டதும் என்ன ஆச்சு, நாடகம் கவிதைன்னு திரியுறவனெல்லாம் ஆடம்ஸ்ல, ஃபுட்பால் பசங்க கிர்க்லாண்ட்ல, பரம்பரைப் பணக்காரங்க எலியட்ல, தானா பிரிஞ்சு போய் உக்காந்துட்டாங்க. கடைசியில 1995-ல போதும்டா சாமின்னு முடிவு பண்ணி, 1996 வசந்தத்துலேர்ந்து, அதாவது 1999-ல பட்டம் வாங்கின பேட்ச்லேர்ந்து, முழு குலுக்கலாக்கிட்டாங்க. அந்த நேரத்துல பசங்க அழுது புரண்டிருக்காங்க, ஹவுசோட குணமே செத்துப் போயிடும்னு. சாகல. இப்ப குணத்த வருஷா வருஷம் புதுசா கட்டிக்கணும், அதுக்கு இந்த வீடியோவும் ஒரு வழி. அதனால நான் மார்க் போடுறது இத வச்சுதான்: ஹவுசிங் டே காலையில "அய்யோ இந்த ஹவுசா"ன்னு மூஞ்சி தொங்கிப் போன ஒரு புள்ள, ராத்திரி போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு அந்த ஹவுஸ் வீடியோவ திரும்பப் போட்டுப் பாத்தா, மனசு கொஞ்சமாவது தேறுமா? தேறினா நல்ல வீடியோ. தேறலைன்னா ட்ரோன் ஷாட் எத்தன வச்சிருந்தாலும் ஃபெயில்.

ட்ரோன்னு சொன்னதும் ஞாபகம் வருது, பருவநிலை மோசடி பத்தி பேசியே ஆகணும். ஹவுசிங் டே மார்ச் நடுவுல வருதுன்னா வீடியோவ எப்ப எடுத்திருக்கணும், பிப்ரவரியில. பிப்ரவரியில கேம்பிரிட்ஜ் எப்படி இருக்கும்னு இங்க ஒரு குளிர்காலம் தாங்கினவங்களுக்குத் தெரியும், மரத்துல ஒரு இலை கெடையாது, வானம் சாம்பல், ரோட்டோரத்துல பனி அழுக்கா கருப்பா கட்டியா கெடக்கும், புல்லுன்னு ஒண்ணு இருந்துச்சாங்கறதே மறந்து போயிருக்கும். ஆனா வீடியோவுல பாருங்க, செவப்பு மஞ்சள் இலை, பச்சைப் புல்வெளி, அரைக்கை பனியன்ல ஃப்ரிஸ்பி வெளையாடுறாங்க. அக்டோபர்லயே எடுத்து வச்சிருந்த ஃபுட்டேஜ சொருகிடுறாங்க. பிளான் பண்ணி எடுத்து வச்சதுக்கு ஒரு மார்க் கொடுக்கலாம், ஆனா அந்தப் புள்ளைக்கு மூணு குளிர்காலம் அங்க இருக்கப் போகுதுல்ல, பனியில அந்த எடம் எப்படி இருக்குன்னு காட்டுங்கப்பா. பனி கொட்டுற ராத்திரியில டைனிங் ஹால் ஜன்னல் மஞ்சளா எரியுறத வெளியிலேர்ந்து எடுத்து, அப்படியே கட் பண்ணி உள்ள நாலு பேர் சூப்பு குடிக்கிறத காட்டினா போதும், அதுக்கு நான் பத்துக்கு பத்து போடுவேன். அந்த ஷாட்ட எடுக்குறவங்க கம்மி.

அடுத்தது சத்தம். பெரும்பாலான வீடியோ அந்த வருஷம் ஹிட்டான ஏதாவது ஒரு பாட்ட எடுத்து மெட்ட அப்படியே வச்சுக்கிட்டு வரிய மாத்திப் பாடுறதுதான். மெட்டு தெரியும், ஆனா வரி ஒண்ணும் காதுல விழாது, ஏன்னா மியூசிக் ட்ராக் மேல குரல் ட்ராக்க போட்டுட்டு ரெண்டையும் ஒரே லெவல்ல விட்டுடுறாங்க. இத பாக்கும்போது எனக்கு கை நமநமன்னு வரும், ஸ்க்ரீனுக்குள்ள கைய விட்டு மியூசிக்க கொறச்சு விடலாமான்னு. தம்பி, தங்கச்சி, குரல் வர்ற எடத்துல மியூசிக் எறங்கணும், ஒரு நிமிஷ வேலை. ரூம்ல பாடி ரெக்கார்ட் பண்ணினா எக்கோ வரும், துணி அடுக்கியிருக்குற அலமாரிக்குள்ள தலைய விட்டுப் பாடினா வராது, மைக் வாங்கக் காசில்லாதப்போ நாங்கெல்லாம் செஞ்சதுதான். சப்டைட்டில் போடுற ஹவுசுக்கு நான் உடனே ரெண்டு மார்க் கூட்டிப் போடுவேன், காது கேக்காத புள்ளைங்களும் அந்த பேட்ச்ல இருக்காங்க, அதோட இந்த வரியெல்லாம் நெஜமாவே நல்லா எழுதியிருப்பாங்க, சும்மா இல்ல, எதுகை மோனை பின்னி எடுத்திருப்பாங்க, அது யாருக்கும் கேக்காம போறது பெரிய அநியாயம்.

ப்ரொஃபசருங்க நடிக்கிற சீன் இருக்கே, அதுக்கு தனியா ஒரு விருதே வைக்கணும். ஹவுசுல குடும்பத்தோட இருக்குற ப்ரொஃபசர முன்னாடி ஹவுஸ் மாஸ்டர்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க, அடிமை காலத்து வாட வருதுன்னு 2016-ல ஃபேகல்டி டீன்னு மாத்திட்டாங்க. இவங்க உலக அளவுல பேர் வாங்கினவங்களா இருப்பாங்க, அவங்க துறையில அவங்க பேர சொன்னா எழுந்து நிப்பாங்க. வீடியோவுல என்னடான்னா கூலிங் கிளாஸ் போட்டு, தொப்பிய திருப்பி வச்சு, ஒரு பீட் லேட்டா கைய ஆட்டிக்கிட்டு இருப்பாங்க. அந்த ஒரு பீட் லேட்டுதான் அழகே. பாட்டுக்கு கரெக்டா ஆடுற டீனுக்கு நான் மார்க் கம்மியாதான் போடுவேன், ப்ராக்டீஸ் பண்ணியிருக்காருன்னு தெரியுது, ஆனா தப்பா ஆடிட்டு சிரிக்கிற டீன் இருக்காரே, அவர் வீட்டுக் கதவ ராத்திரி பத்து மணிக்குத் தட்டி "சார் எனக்கு படிப்பே புடிக்கல"ன்னு ஒரு பையன் தைரியமா சொல்லலாம். வீடியோ பாத்தே அது தெரிஞ்சுடும். கூட அவங்க வளக்குற நாய் வந்துட்டா போச்சு, நீதிபதி மயங்கிட்டாரு, ஆட்டம் முடிஞ்சுது.

சரி, ஹவுசுக்கு வருவோம். 12-ல 9 ஆத்துப் பக்கம், 3 குவாடுன்னு சொல்ற தூரத்து எடத்துல. ஆத்தோரத்துல இருக்குற பழைய ஹவுசுங்களுக்கு ஒரு வியாதி உண்டு, அழகா பொறந்துட்டதால உழைக்க மாட்டாங்க. எலியட்டும் வின்த்ராப்பும் சார்லஸ் ஆத்த பாத்து நிக்குது, செங்கல், வெள்ளை ஜன்னல், சாயங்கால வெயில்ல தண்ணி தகதகன்னு இருக்கும், கேமராவ எங்க வச்சாலும் போஸ்ட்கார்ட். அதனால கேமராவ வச்சுட்டு இவங்க போய் தூங்கிடுறாங்கன்னு தோணுது. வின்த்ராப்காரங்களுக்கு எப்பவும் ஒரு வரி ரெடியா இருக்கும், ஜான் எஃப் கென்னடி இங்கதான் இருந்தாரு. சரிப்பா, இருந்தாரு, இப்ப யாரு இருக்கா? டன்ஸ்டர்காரங்க துணை ஜனாதிபதி ஆன அல் கோரும் நடிகர் டாமி லீ ஜோன்சும் எங்க ஹவுஸ்ல ரூம்மேட்னு சொல்லிக்கலாம், கிர்க்லாண்ட்காரங்க 2004 பிப்ரவரியில சக்கர்பெர்க் ஃபேஸ்புக்க ஆரம்பிச்சது எங்க ரூம்லேர்ந்துன்னு சொல்லிக்கலாம், ஆடம்ஸ்ல ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இருந்த ரூம அந்தக் காலத்துல இருந்த மாதிரியே திரும்ப அமைச்சு வச்சிருக்காங்க. பழைய பெருமைக்கு என்கிட்ட மார்க் கெடையாது. போர்வைக்குள்ள படுத்திருக்குற அந்தப் புள்ளைக்கு கென்னடி வந்து சாப்பிட கம்பெனி கொடுக்க மாட்டாரு.

அதுக்கு பதிலா டன்ஸ்டர்காரங்க வருஷாந்திர ஆட்டுக்கறி விருந்த காட்டினா நான் கைதட்டுவேன், முழு ஆட்ட நெருப்புல சுட்டு சாப்பிடுறது அந்த ஹவுசோட ஒரு பழைய வழக்கம், அது சீன். அவங்க மிருகம் மூஸ், கொம்பு வச்ச பெரிய காட்டு மான், அந்தக் கொம்ப தலையில மாட்டிக்கிட்டு வாசல்ல நுழைய முடியாம ஒருத்தன் தவிச்சா அது காமெடி, செலவில்லாத காமெடி. லோவெல்லுக்கு மணிக்கூண்டு இருக்கு, அந்த மணிக்கு ஒரு கதை, ஸ்டாலின் காலத்துல மாஸ்கோ டானிலோவ் மடத்து மணியெல்லாம் உருக்கப் போற நேரத்துல ஒரு அமெரிக்கப் பணக்காரர் 1930-ல வாங்கிட்டு வந்து இங்க மாட்டினாரு, மடம் திரும்பத் தொறந்ததும் கேட்டாங்க, 2008-ல அத திருப்பிக் கொடுத்துட்டு புதுசா அதே வார்ப்புல செஞ்ச மணிய வச்சாங்க. பசங்களே மேல ஏறி கயிறு இழுத்து அடிப்பாங்க, சுத்தி இருக்குற மத்த ஹவுஸ்காரங்க காத பொத்திப்பாங்க. இப்படி ஒரு சமாச்சாரத்த கையில வச்சுக்கிட்டு நீலக் கோபுரத்த சுத்தி ட்ரோன் விட்டு முடிச்சா எனக்கு கோபம் வருமா வராதா? கயிறு இழுக்குற பொண்ணோட மூஞ்சிய க்ளோசப்ல காட்டுங்க, கையில கொப்புளம் இருந்தா அதையும் காட்டுங்க. ஆடம்ஸ்ல பழைய நீச்சல் குளத்த நாடக மேடையா மாத்தி வச்சிருக்காங்க, அதுக்குள்ள எடுக்குற எந்த சீனுக்கும் நான் கண்ண மூடிக்கிட்டு எட்டு போடுவேன். குவின்சி பென்குவின், லெவரெட் முயல், ரெண்டுலயும் பொம்மை டிரஸ் ஜோரா இருக்கும், அதுக்கு மேல சொல்ல பெருசா இல்ல, வருஷம் அஞ்சரை ஆறுன்னு பாஸ் ஆயிடுவாங்க.

மாதர் ஹவுசுக்கு (பொண்ணுங்க விடுதி இல்ல, Mather-னு பேரு) தனியா ஒரு பத்தி எழுதணும், அவ்ளோ புடிக்கும். சுத்தி எல்லாம் செங்கல் கோபுரம் மணின்னு ராஜா வீடு கணக்கா இருக்க, நடுவுல 1970-ஐ ஒட்டி கட்டின 19 மாடி கான்கிரீட் டவர், சிமெண்டு சிமெண்டாவே நிக்கும், ஒரு பூச்சு கெடையாது. பாக்குறவன் எல்லாம் சிறைச்சாலையாம்பான். இத மறைச்சு வீடியோ எடுக்கவே முடியாது, எந்தப் பக்கம் கேமராவ திருப்பினாலும் சுவர் வந்து நிக்கும். அதனால மாதர் பசங்க மறைக்க மாட்டாங்க, சுவர கட்டிப் புடிச்சுக்குவாங்க, கான்கிரீட்ட காதலிச்சுப் பாடுவாங்க. அதோட அவங்ககிட்ட நெஜமாவே சொல்றதுக்கு விஷயம் இருக்கு. ஆத்தோர ராஜா வீட்டுல பங்க் பெட்ல, ஒருத்தன் ரூம் வழியா இன்னொருத்தன் போகணும்ங்கற கூத்து, மாதர்ல தனி ரூம், கதவ சாத்தினா உன் ராஜ்ஜியம், ஜன்னல்லேர்ந்து பாஸ்டன் வரைக்கும் தெரியும், கீழ ஆறு வளைஞ்சு போறது தெரியும். வெளியிலேர்ந்து பாக்கும்போது அசிங்கமா இருக்குற பில்டிங்குக்குள்ள உக்காந்தா அந்த அசிங்கம் மட்டும் கண்ணுக்குத் தெரியாதுல்ல, மத்ததெல்லாம் தெரியும். டைனிங் ஹால்ல சோப்பு நுரைய இடுப்பு வரைக்கும் நெரப்பி ஆடுற பார்ட்டிக்கும் இந்த ஹவுஸ் ரொம்ப நாளா பேர்போனது. கான்கிரீட், தனி ரூம், நுரை, இந்த மூணையும் மூணு நிமிஷத்துல உண்மையா சொல்லிட்டா வேற என்ன வேணும்? ஒம்பது மார்க், சில வருஷம் ஒம்பதரை.

இப்ப கோபப்படுற எடத்துக்கு வந்துட்டேன். ஆத்தோர ஹவுஸ் வீடியோவுல பாதிக்கு மேல ஒரு ஜோக் வந்தே தீரும், குவாடு ஜோக். கேபட், கரியர், ஃபோர்ட்ஸ்ஹைமர், இந்த மூணும் யார்டுலேர்ந்து வடக்கால காமன்ங்கற பார்க்க தாண்டி கார்டன் தெருவுல பதினஞ்சு நிமிஷ நடையில இருக்கு. அந்த பதினஞ்சு நிமிஷத்த இவங்க வடதுருவ யாத்திரையா காட்டுவாங்க, முதுகுல மூட்டை, கையில மேப், பனிக்கட்டியில தவழுறது, ஷட்டில் பஸ்ஸ தவற விட்டு மயங்கி விழுறது. மொத தடவை பாத்தா சிரிப்பு வரும். வருஷா வருஷம் அதே ஜோக்க தூசி தட்டி எடுத்தா சிரிப்பு எங்கேர்ந்து வரும்? அதோட கணக்கு போடுங்க, 12-ல 3 குவாடு, அப்போ ஒரு பேட்ச்ல ஏறக்கொறைய நாலுல ஒரு புள்ள அங்கதான் போகப்போகுது. வீடியோ பாத்துக்கிட்டு இருக்குற 1600 பேர்ல சுமார் நானூறு பேர்கிட்ட "நீ போகப்போற வீடு மட்டம்"னு முன்கூட்டியே சொல்லி வைக்கிறீங்க. அந்தப் புள்ளைங்க ஹவுசிங் டே காலையில கதவத் தொறந்து பாக்குறப்போ வெள்ளைக் கரடி வேஷத்துல நிக்கிற சீனியர் முன்னாடி அழுதா அதுல உங்க பங்கும் இருக்கு. குவாட ஏளனம் பண்ற வீடியோவுக்கு நான் மூணு மார்க் வெட்டிடுவேன், எவ்ளோ நல்லா எடுத்திருந்தாலும் சரி, அப்பீல் கெடையாது.

அந்த தூரத்துக்கும் ஒரு வரலாறு இருக்கு. அது பொண்ணுங்களுக்குன்னு இருந்த ராட்கிளிஃப் காலேஜோட விடுதி. ஹார்வர்ட் கிளாஸ்ல உக்காந்து அதே பரீட்சை எழுதின பொண்ணுங்களுக்கு ஹார்வர்ட் ஹவுசுக்குள்ள எடம் கெடையாது, தள்ளிதான் இருக்கணும், குளிரோ மழையோ தெனமும் அந்த பதினஞ்சு நிமிஷம் நடந்து போய் படிச்சிட்டு நடந்து வந்தாங்க. 1970 வாக்குலதான் ஆணும் பொண்ணும் ரெண்டு பக்கமும் கலந்து தங்க ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு பசங்க ஜோக்கடிக்கிற அந்த தூரம், அந்தக் காலத்துப் பொண்ணுங்க கால் வலிக்க நடந்த தூரம். குவாடு வீடியோவுல யாராவது இத ஒரு வரியாவது பாட்டுல வச்சா நான் எழுந்து நின்னு கைதட்டுவேன், இதுவரைக்கும் நான் பாத்ததுல அது கம்மி, அடுத்த வருஷமாவது யாராவது பண்ணணும்னு ஆசையா இருக்கு.

ஆனா பாருங்க, நெறைய வருஷம் என் மொத பரிசு குவாடு பக்கம்தான் போகுது. காரணம் ஒண்ணே ஒண்ணு, அவங்களுக்குத்தான் யாருக்காக எடுக்குறோம்னு தெரியும். ஆத்தோரக்காரங்க "நாங்க எவ்ளோ அழகு பாத்தியா"ன்னு பாடுவாங்க, குவாடுக்காரங்க "வா, பயப்படாத, நானும் உன்ன மாதிரிதான் அழுதேன்"னு பாடுவாங்க. மூணாவது வருஷப் பையன் ஒருத்தன் கேமராவ பாத்து, தனக்கு இந்த ஹவுஸ் வந்தன்னிக்கு என்ன தோணுச்சுன்னு சொல்லிட்டு, பின்னாடி இருக்குற ஃப்ரெண்ட்ச திரும்பிப் பாத்து சிரிச்சா, அந்த அரை செகண்டு சிரிப்ப எந்த எடிட்டராலும் உருவாக்க முடியாது. கரியர்ல பத்து பேர் ஒண்ணா இருக்குற ஒரு பெரிய சூட், அதாவது பல ரூம் சேந்த வீடு மாதிரி ஒண்ணு, இருக்கு, அதுல அத்தன பேரும் ஒரு சோஃபால உக்கார ட்ரை பண்றத காட்டினாலே கதை முடிஞ்சுது, அங்க பில் கேட்ஸ் இருந்தாருங்கறத சொல்லவே வேணாம். கேபட்ல பசங்களே நடத்துற காஃபி கடை, மீன்தான் அவங்க சின்னம், மனுஷன் சைசுக்கு மீன் ஒண்ணு காஃபி கலந்து கொடுத்துச்சுன்னா குளிர்ல நடந்து வந்தவனுக்கு வேற என்ன வேணும். ஃபோர்ட்ஸ்ஹைமர்னு பேர சொல்றதுக்குள்ள பஸ் போயிடும்னு பசங்க ஃபோஹோன்னு சுருக்கிட்டாங்க, வெள்ளைக் கரடிதான் சின்னம். தூரத்த வச்சு ஊரே கிண்டல் பண்றப்போ அந்த வடதுருவத்துக் கரடியவே பெருமையா கொடியில தூக்கிப் புடிக்கிறவங்களுக்கு மார்க் போடாம யாருக்குப் போடுறது? நடு புல்வெளி பனியில மூடிக் கெடக்கும், அதுல மூணு ஹவுஸ் பசங்களும் ஒண்ணா பனிப்பந்து அடிச்சுக்கிட்டு இருப்பாங்க, அத அக்டோபர்னு ஏமாத்த மாட்டாங்க, பிப்ரவரிய பிப்ரவரியாவே காட்டுவாங்க.

எந்த ஹவுசுமே காட்டாத சில விஷயம் இருக்கு, அடுத்த வருஷம் எடுக்கப்போறவங்க கண்ணுல இது படணும்னு இங்க எழுதி வைக்கிறேன். பாத்ரூம காட்டுங்க. மூணு வருஷம் குளிக்கப் போற எடம், எத்தன பேருக்கு ஒண்ணு, தண்ணி சூடா வருமான்னு ஒரு ஷாட்ல தெரிஞ்சுடும், அத விட்டுட்டு லைப்ரரி தூண எட்டு ஆங்கிள்ல காட்டுறீங்க. டைனிங் ஹால்ல வேலை பாக்குற அம்மாக்களையும் அண்ணன்களையும் காட்டுங்க, ஆனா வேடிக்கைப் பொருளா இல்ல, பேர் போட்டு, அவங்க சம்மதத்தோட, அவங்க பேச விரும்பினத பேச விட்டு, ஏன்னா பரீட்சை வாரத்துல "ஏண்டா சாப்பிடல"ன்னு கேக்கப் போறது அவங்கதான். நெரிசல் இல்லாத ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானத்த காட்டுங்க. வீடியோ பூரா நாப்பது பேர் ஒண்ணா கத்திக்கிட்டு இருந்தா, கூட்டம்னா கூச்சப்படுற புள்ள "இங்க எனக்கு எடமில்ல போலருக்கு"ன்னு நெனச்சுடும். தனியா உக்காந்து புக்கு படிக்கிற ஒரு ஆளையும் பாட்டுக்கு நடுவுல ரெண்டு செகண்டு வைங்க, அவனும் அந்த ஹவுஸ்காரன்தானே.

நீளமும் கொஞ்சம் பாத்துக்கங்க, மூணு நிமிஷம் போதும், அஞ்சு நிமிஷம் போறதெல்லாம் மனசு வராம வெட்டாம விட்ட ஷாட். பசங்க மூஞ்சி வந்துருக்கேன்னு யாரையும் வெட்ட முடியாம தவிக்கிறீங்கன்னு எனக்கு நல்லா தெரியும், அதுக்கு வழி இருக்கு, கடைசியில பேர் ஓடும்போது பக்கத்துல சின்ன கட்டத்துல எல்லார் மூஞ்சியும் ஓட விடுங்க, ஒருத்தரும் கோச்சுக்க மாட்டாங்க. குரல் ட்ராக்க மட்டும் தூக்கி வைங்க, இதுக்கு மேல நான் கெஞ்ச முடியாது. இந்த வருஷ லிஸ்ட் முழுசா பாத்து முடிச்சதும் ஹவுஸ் வாரியா மார்க்க கீழ கமெண்ட்ல போடுறேன், சண்டை போட வர்றவங்க எந்த ஹவுஸ்னு மொதல்லயே சொல்லிட்டு வாங்க.